போனில் வரும் போலிக் கடைக்காரன்!

பேரைச் சொல்வான், பார்சலைச் சொல்வான், பணத்தைச் சுருட்டுவான்!

முன்பெல்லாம் திருடன் நள்ளிரவில் வருவான். சுவரில் கன்னம் வைப்பான். நாய் குரைக்கும். வீட்டார் விழித்துக்கொள்வார்கள்.

இப்போது வரும் திருடன் அப்படி அல்ல. பட்டப்பகலில் வருகிறான். மணி அடித்துவிட்டு வருகிறான். "வணக்கம் மேடம்" என்று மரியாதையாகப் பேசுகிறான். நாமே பெட்டியைத் திறந்து பணத்தை எடுத்து அவன் கையில் கொடுத்துவிடுகிறோம்!

அவன் வரும் வழி, செல்போன். அவன் போட்டு வரும் வேஷம், நமக்கு நன்றாகத் தெரிந்த கடைக்காரனின் வேஷம்.

"அமேசானில் இருந்து பேசுகிறோம்" என்பான். "பிளிப்கார்ட்டில் இருந்து பேசுகிறோம்" என்பான். "உங்களுக்குப் பார்சல் வந்திருக்கிறது" என்பான். அந்தக் கடைகளுக்கும் அவனுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. கடையின் பெயரை மட்டும் திருடிக்கொண்டு வருகிறான்.

இந்த வேஷக்காரனை அடையாளம் கண்டுகொள்வது எப்படி? பணம் போய்விட்டால் என்ன செய்வது? வீட்டில் பெரியவர் முதல் சிறியவர் வரை தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

ஏன் கடைக்காரன் வேஷம்?

திருடனுக்கு எத்தனையோ வேஷங்கள் உண்டு. பிறகு ஏன் கடைக்காரன் வேஷம்?

காரணம் இருக்கிறது.

2007-ம் ஆண்டு பெங்களூருவில் இரண்டு இளைஞர்கள் சேர்ந்து பிளிப்கார்ட் கடையைத் தொடங்கினார்கள். முதலில் புத்தகம் மட்டும் விற்றார்கள். 2010-ல், "பொருள் வீட்டுக்கு வந்த பிறகு பணம் கொடுத்தால் போதும்" என்றார்கள். மக்களுக்கு நம்பிக்கை பிறந்தது. 2013-ல் அமெரிக்காவின் அமேசான் இந்தியாவிலும் கடை விரித்தது. அதன் பிறகு மளமளவென்று கடைகள் பெருகின.

இன்று பட்டி தொட்டி எங்கும் பார்சல் வருகிறது. அரிசிப்பெட்டி முதல் ஆட்டுக்கல் வரை போனிலேயே வாங்கலாம். பண்டிகைக் காலத்தில் தள்ளுபடி விற்பனை என்றால் கேட்கவே வேண்டாம். தெருவுக்குப் பத்து வீட்டில் ஏதாவது ஒரு பார்சலை எதிர்பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.

திருடனுக்கு இது போதும். அவன் இருட்டில் கல் எறிகிறான். நூறு பேருக்குப் போன் போட்டால், அதில் சிலருக்காவது பார்சல் வர வேண்டியிருக்கும். "பார்சல்" என்ற சொல்லைக் கேட்டதும் அவர்கள், "ஆமாம், ஆமாம்! எப்போது வரும்?" என்று ஆவலோடு கேட்பார்கள். மீன் தூண்டிலைக் கவ்விவிட்டது!

"அவன் என் பெயரைச் சரியாகச் சொன்னானே! விலாசம் கூடச் சொன்னானே!" என்று பலர் ஆச்சரியப்படுகிறார்கள்.

இதில் ஆச்சரியம் இல்லை. நம் பெயர், விலாசம், போன் நம்பர் அடங்கிய பட்டியல்கள் களவு போகின்றன. அவை கைமாறி விற்கப்படுகின்றன. அது மட்டுமா? பார்சலைப் பிரித்துவிட்டு அட்டைப்பெட்டியை அப்படியே குப்பையில் போடுகிறோம். அதன் மேல் ஒட்டிய தாளில் நம் பெயர் இருக்கிறது. வீட்டு எண் இருக்கிறது. சில தாள்களில் போன் நம்பரும் இருக்கிறது. குப்பையைக் கிளறுபவனுக்கு அது ஒரு புதையல்!

ஆகவே, அந்தத் தாளைக் கிழித்துவிட்டுப் பெட்டியைப் போடுங்கள். பெயரைச் சொல்லிவிட்டான் என்பதற்காக ஒருவனை நம்பியும் விடாதீர்கள்.

எழுத்துக் கற்பித்தவர் வாழ்ந்த மண்

வங்காளத்தின் பேரறிஞர் ஈஸ்வர சந்திர வித்யாசாகரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். குழந்தைகள் வங்க எழுத்தை எளிதாகக் கற்பதற்காக 1855-ல் பாலபாடம் எழுதியவர் அவர். விதவைகள் மறுமணம் செய்துகொள்ள 1856-ல் சட்டம் வருவதற்குப் பாடுபட்டவரும் அவரே.

பிற்காலத்தில் அவர் கர்மாடார் என்ற சிற்றூரில், சந்தால் பழங்குடி மக்களின் நடுவே பல ஆண்டுகள் வாழ்ந்தார். அவர்களுக்குக் கல்வி புகட்டினார். அந்த ஊர் ரயில் நிலையத்துக்கு இன்று வித்யாசாகர் என்றே பெயர்.

கர்மாடார் இப்போது ஜார்க்கண்ட் மாநிலத்தின் ஜாம்தாரா மாவட்டத்தில் இருக்கிறது. ஜாம்தாரா என்ற பெயர் நாடு முழுவதும் வேறொரு காரணத்துக்காகப் பரவியது. போன் மோசடி!

அந்த வட்டாரத்து இளைஞர்கள் சிலர் வங்கி அதிகாரி போலப் பேசினார்கள். கம்பெனி ஆள் போலப் பேசினார்கள். எங்கோ இருந்தவர்களின் பணத்தைப் பறித்தார்கள். பல மாநிலப் போலீஸார் அங்கே தேடிப் போய்ப் பலரைக் கைது செய்தார்கள். 2020-ல் ஜாம்தாரா என்ற பெயரிலேயே ஒரு திரைத்தொடர் வெளிவந்தது.

அங்குள்ள மக்களில் மிகப் பெரும்பாலோர் உழைத்துப் பிழைக்கும் ஏழைகள். சிலர் செய்த காரியத்தால் ஊருக்கே கெட்ட பெயர். எழுத்துக் கற்பித்த பெரியவர் வாழ்ந்த மண்ணுக்கு இப்படி ஒரு பழி வந்தது வேதனைதான்.

இப்போது இந்தத் தொழில் ஓர் ஊரோடு நிற்கவில்லை. வெளிநாட்டில் இருந்தும் பேசுகிறார்கள். இந்தியில் பேசுகிறார்கள். ஆங்கிலத்தில் பேசுகிறார்கள். நல்ல தமிழிலும் பேசுகிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இவர்களில் பெரும்பாலோர் கம்ப்யூட்டர் மேதைகள் அல்ல. வங்கியின் பூட்டை இவர்களால் உடைக்க முடியாது. அதனால்தான் சாவியை நம்மிடமே கேட்கிறார்கள்!

உண்டியல் பாடம்

எப்படிக் கேட்கிறார்கள்? ஒரு பேச்சைக் கேளுங்கள்.

"மேடம், நீங்கள் வாங்கிய சேலையில் பழுது இருந்ததாகப் புகார் செய்தீர்களா?"

"ஆமாம், திருப்பி அனுப்பினேன்."

"உங்களுக்கு 1,850 ரூபாய் திரும்பத் தர வேண்டும், மேடம். இப்போதே அனுப்புகிறேன். போனில் ஒரு படம் வரும். அதை ஸ்கேன் செய்து, உங்கள் பின் நம்பரைப் போடுங்கள். பணம் வந்துவிடும்."

அந்த அம்மாள் ஸ்கேன் செய்கிறார். பின் நம்பரைப் போடுகிறார். பணம் வரவில்லை. கணக்கில் இருந்த பணம்தான் போய்விட்டது!

ஏன்?

2016-ல் யு.பி.ஐ. என்ற பண வசதி நம் நாட்டுக்கு வந்தது. பெட்டிக்கடையில் டீக்குடிப்பவர் கூட இன்று அதில்தான் காசு கொடுக்கிறார். கொடுக்கத் தெரிந்த அளவுக்கு அதன் சட்டம் பலருக்குத் தெரியவில்லை.

வீட்டு உண்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். உண்டியலில் காசு போடச் சாவி வேண்டுமா? வேண்டாம். யார் வேண்டுமானாலும் போடலாம். காசை வெளியே எடுப்பதற்குத்தான் சாவி வேண்டும். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதற்கும் சாவி வேண்டும்.

பின் நம்பர்தான் அந்தச் சாவி.

உங்களுக்குப் பணம் வருவதற்குப் பின் நம்பர் வேண்டாம். ஸ்கேன் செய்யவும் வேண்டாம். "பணம் தருகிறேன், பின் நம்பரைப் போடுங்கள்" என்று ஒருவன் சொன்னால், "உண்டியலில் காசு போடுகிறேன், சாவியைக் கொடு" என்கிறான் என்று அர்த்தம்!

ஒருவர் இன்னொருவரின் போனுக்கு, "எனக்குப் பணம் அனுப்பு" என்று யு.பி.ஐ. மூலம் கோரிக்கை அனுப்பும் வசதி முன்பு இருந்தது. இதை வைத்துப் பலர் ஏமாற்றினார்கள். அதனால் தனி ஆட்களுக்குள் இந்த வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டது. ஆனால் ஸ்கேன் செய்யச் சொல்லி ஏமாற்றும் வித்தை நிற்கவில்லை.

கடை நமக்குப் பணம் திருப்பித் தர வேண்டும் என்றால், நாம் எந்த வழியில் கட்டினோமோ அந்த வழியிலேயே வரும். கையில் பணம் கொடுத்து வாங்கியிருந்தால், கடையின் ஆப்புக்குள் நாமே போய் வங்கிக் கணக்கைக் குறிப்பிடலாம். போனில் ஒருவன் கூடவே இருந்து வழிகாட்ட வேண்டிய அவசியம் இல்லை.

நாலு வித்தை

திருடனின் பையில் இன்னும் பல வித்தைகள் உண்டு. முக்கியமான நாலைப் பார்ப்போம்.

முதல் வித்தை: "டி.வி. ஆர்டர்!"

"உங்கள் பெயரில் 48,000 ரூபாய்க்கு டி.வி. ஆர்டர் ஆகியிருக்கிறது. நீங்கள்தான் செய்தீர்களா?" என்று போன் வரும். நீங்கள் பதறுவீர்கள். "ஐயோ, நான் இல்லையே!" என்பீர்கள். "கவலை வேண்டாம். ரத்து செய்துவிடுகிறேன். உங்களுக்கு ஓர் ஓ.டி.பி. வரும். அதைச் சொல்லுங்கள்" என்பான்.

டி.வி.யும் இல்லை, ஆர்டரும் இல்லை. அந்த ஓ.டி.பி. உங்கள் பணத்தை எடுக்கும் ஓ.டி.பி.!

சில சமயம் இதே செய்தி இ-மெயிலில் வரும். பில் போலவே அச்சடித்திருக்கும். கீழே ஒரு போன் நம்பர் இருக்கும். "நீங்கள் வாங்கவில்லை என்றால் உடனே இந்த நம்பருக்குப் பேசுங்கள்" என்று எழுதியிருக்கும். பேசினால் எடுப்பவன் திருடன்!

இரண்டாவது வித்தை: "விலாசம் சரியில்லை!"

"உங்கள் பார்சல் நிற்கிறது. விலாசம் முழுமையாக இல்லை. இந்த லிங்கை அழுத்தி 5 ரூபாய் கட்டுங்கள்" என்று செய்தி வரும். 5 ரூபாய்தானே என்று நினைப்போம். லிங்கை அழுத்தினால் கடையைப் போலவே ஒரு பக்கம் திறக்கும். அதில் கார்டு நம்பரைப் போட்டால், 5 ரூபாய் அல்ல, 50,000 ரூபாய் போகும்!

கூரியர் ஆள் போலப் பேசி, "நட்சத்திரக் குறி போட்டு, 21 அழுத்தி, இந்த நம்பரைப் போடுங்கள், டெலிவரி பையன் பேசுவான்" என்று சொல்பவனும் உண்டு. அப்படி அழுத்தினால், உங்களுக்கு வரும் அழைப்புகள் எல்லாம் திருடனின் போனுக்குத் திரும்பிவிடும். வங்கியில் இருந்து வரும் அழைப்பும் அவனுக்கே போகும். 401 என்ற எண்ணை வைத்தும் இப்படி ஏமாற்றினார்கள். அந்த வகைச் சேவையை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தி வைக்கும்படி தொலைத்தொடர்புத் துறை கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது. ஆனாலும் வேறு எண்களைச் சொல்லி ஏமாற்றுகிறார்கள். தெரியாமல் அழுத்திவிட்டால், ##002# என்று அழுத்துங்கள். திருப்பிவிட்டது ரத்தாகும்.

மூன்றாவது வித்தை: "நான் உதவுகிறேன்!"

வாங்கிய மிக்சி ஓடவில்லை. கடையின் உதவி நம்பர் வேண்டும். இணையத்தில் தேடுகிறோம். முதலில் வரும் நம்பருக்குப் பேசுகிறோம். அந்த நம்பர் கடையின் நம்பர்தானா? யார் வேண்டுமானாலும் ஒரு நம்பரை இணையத்தில் போட்டு வைக்கலாம். வலை விரித்துவிட்டுக் காத்திருக்கும் வேடனைப் போல, திருடன் நம்பரைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறான். இங்கே நாமே தேடிப்போய் விழுகிறோம்!

போனை எடுத்ததும், "ஓர் ஆப் அனுப்புகிறேன். ஏற்றிக்கொள்ளுங்கள். நானே சரி செய்கிறேன்" என்பான். அதை ஏற்றினால், உங்கள் போனின் திரை அவனுக்குத் தெரியும். நீங்கள் போடும் எண்களை எல்லாம் அவன் பார்ப்பான். இந்த வகை ஆப்கள் நல்ல காரியத்துக்காக உண்டானவை. தூரத்தில் இருந்தபடி கம்ப்யூட்டரைப் பழுது பார்க்க உதவுபவை. அப்படிப்பட்ட எனிடெஸ்க் என்ற ஆப்பை வைத்து மோசடி நடப்பதாக 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்தது.

நாலாவது வித்தை: "கார் பரிசு!"

இது தபாலில் வரும். ஆன்லைன் கடையின் பெயர் அச்சிட்ட உறை. உள்ளே பளபளப்பான அட்டை. சுரண்டிப் பார்த்தால் கார் பரிசு! "காரைப் பெற, வரியாக 12,000 ரூபாய் கட்டுங்கள்" என்று இருக்கும். கட்டினால் இன்னொரு வரி கேட்பான். பிறகு லாரி வாடகை கேட்பான். கடைசி வரை கார் மட்டும் வராது.

நீங்கள் சீட்டு வாங்கினீர்களா? இல்லையே! வாங்காத சீட்டுக்கு எப்படிப் பரிசு விழும்? தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு விற்பனையே 2003-ல் தடை செய்யப்பட்டுவிட்டது. மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா?

நம்பரோடு எழுத்தையும் படியுங்கள்!

"ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதே" என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் உண்மையான டெலிவரி பையனும் சில சமயம் வாசலில் நின்று ஓ.டி.பி. கேட்கிறானே! என்ன செய்வது?

இங்கேதான் படிப்பு உதவுகிறது.

ஓ.டி.பி. வந்தால் நாம் நம்பரை மட்டும் பார்க்கிறோம். அதோடு வரும் எழுத்தைப் படிப்பதில்லை. அந்த எழுத்தில்தான் உண்மை இருக்கிறது.

டெலிவரி ஓ.டி.பி. என்றால், பார்சலை ஒப்படைப்பதற்கு என்று எழுதியிருக்கும். நீங்கள் ஆர்டர் செய்த பார்சல் கண்முன்னே இருக்கும்போது, வாசலில் நிற்பவரிடம் அதைச் சொல்லலாம். போனில் சொல்லக் கூடாது.

பணம் எடுக்கும் ஓ.டி.பி. என்றால், எத்தனை ரூபாய், எதற்காக என்று எழுதியிருக்கும். "யாரிடமும் சொல்லாதீர்கள்" என்றும் இருக்கும். அதை வாசலில் நிற்பவரிடமும் சொல்லக் கூடாது. போனில் பேசுபவனிடமும் சொல்லக் கூடாது.

செய்தி ஆங்கிலத்தில் இருக்கிறதா? வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் காட்டுங்கள். பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருந்து வரும் வரை எந்தப் பார்சலும் கெட்டுப்போய்விடாது!

டெலிவரி பையன் போனில் வழி கேட்டால் தாராளமாகச் சொல்லுங்கள். பாவம், வெயிலில் அலைகிறவர். வழி சொல்லலாம், எண் சொல்லக் கூடாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

நீங்கள் கேட்காத பார்சல் வந்து, "499 ரூபாய் கொடுங்கள்" என்றால், வீட்டில் எல்லோரிடமும் கேட்டுப் பாருங்கள். யாரும் கேட்கவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள். பிரித்துப் பார்த்தால் கந்தல் துணியாக இருக்கலாம்!

இணைய விலாசத்தையும் படியுங்கள்

இ-மெயில் வந்தால், மேலே பெரிதாகக் கடையின் பெயர் தெரியும். அதை நம்பாதீர்கள். எந்தப் பெயரை வேண்டுமானாலும் அங்கே எழுதலாம். அதன் மேல் விரலை வைத்தால் அனுப்பியவரின் விலாசம் தெரியும். அதைப் பாருங்கள்.

தபால் விலாசத்தில் ஊர்ப் பெயர் கடைசியில் வரும் அல்லவா? இணைய விலாசமும் அப்படித்தான். "டாட் காம்", "டாட் இன்" என்பதற்கு ஒட்டி முன்னால் இருக்கும் சொல்தான் உண்மையான ஊர். "அமேசான் டாட் காம்" என்றால் அமேசான். "அமேசான் டாட் தள்ளுபடி டாட் காம்" என்றால் அது அமேசான் அல்ல. யாரோ "தள்ளுபடி" என்ற ஆசாமி!

எழுத்திலும் ஜாலம் செய்வார்கள். ஆங்கில "ஓ" எழுத்துக்குப் பதில் பூஜ்யம் போடுவார்கள். "எல்" எழுத்துக்குப் பதில் 1 போடுவார்கள். "ஆர்", "என்" இரண்டு சிறிய எழுத்தையும் ஒட்டி எழுதினால் "எம்" போலத் தெரியும். அவசரத்தில் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

"பூட்டுப் படம் இருக்கிறதே, பயமில்லை" என்று சிலர் சொல்வார்கள். பூட்டுப் படம் இருந்தால், நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்றுதான் அர்த்தம். எதிரில் இருப்பவர் யோக்கியர் என்று அர்த்தம் அல்ல. திருடன் வீட்டிலும் பூட்டு இருக்கும்!

ஒரே ஒரு வழி

இத்தனை வித்தைகளையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியுமா? நாளைக்குத் திருடன் புது வித்தை கொண்டு வந்தால் என்ன செய்வது?

எல்லா வித்தைக்கும் ஒரே மாற்று உண்டு.

அவன் காட்டும் வழியில் போகாதீர்கள். உங்கள் வழியில் போங்கள்!

போன் வந்ததா? "சரி, பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் துண்டித்துவிடுங்கள். மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். செய்தி வந்ததா? லிங்கைத் தொடாதீர்கள். பிறகு, நீங்கள் வழக்கமாகப் பொருள் வாங்கும் ஆப்பை நீங்களே திறந்து, "என் ஆர்டர்கள்" என்ற இடத்தைப் பாருங்கள்.

48,000 ரூபாய் டி.வி. உங்கள் பெயரில் இருந்தால் அங்கே தெரியும். திரும்ப வர வேண்டிய பணம் இருந்தால் அங்கே தெரியும். பார்சல் நின்றிருந்தால் அங்கே தெரியும். அங்கே இல்லை என்றால், போனில் பேசியவன் போலி!

உதவி வேண்டும் என்றாலும் அந்த ஆப்புக்குள்ளேயே கேளுங்கள். 2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, ஒவ்வொரு ஆன்லைன் கடையும் குறை கேட்கும் அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும். அவரைத் தொடர்புகொள்ளும் வழியைத் தன் தளத்தில் போட வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். உண்மையான கடை கவனிக்கவில்லை என்றால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம்.

திருடன் எப்போதும் அவசரப்படுத்துவான். "இப்போதே செய்யுங்கள்; போனை வைக்காதீர்கள்; இன்னும் 10 நிமிடம்தான் இருக்கிறது" என்பான். ஏன் தெரியுமா? நீங்கள் போனை வைத்துவிட்டு யோசித்தால் அவன் குட்டு வெளிப்பட்டுவிடும். பதறாத காரியம் சிதறாது!

பணம் போய்விட்டால்?

எவ்வளவு உஷாராக இருந்தாலும் சில சமயம் கால் தவறும். அப்போது அழுதுகொண்டு உட்காராதீர்கள். ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இது இந்தியா முழுவதற்கும் பொதுவான உதவி எண். அல்லது, சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற அரசாங்க இணையதளத்தில் புகார் எழுதுங்கள்.

ஏன் அவசரம்? திருடன் பணத்தை ஒரே இடத்தில் வைத்திருக்க மாட்டான். ஒரு கணக்கில் இருந்து இன்னொரு கணக்குக்கு, அங்கிருந்து வேறொரு கணக்குக்கு என்று தாவிக்கொண்டே போவான். கடைசியில் ஏ.டி.எம்.மில் எடுத்துவிடுவான். நீங்கள் சீக்கிரம் சொன்னால், பணம் எந்த வங்கியில் நிற்கிறதோ அங்கேயே அதை முடக்கிவைக்க முடியும். ரொக்கமாக எடுத்துவிட்டால் பிடிப்பது கஷ்டம்.

போன் செய்யும்போது இவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த வங்கி, எவ்வளவு பணம், எத்தனை மணிக்குப் போனது, திருடனின் போன் நம்பர், பணம் போனதற்கான குறிப்பு எண். யு.பி.ஐ. என்றால் அது 12 இலக்க எண்.

வங்கிக்கும் உடனே சொல்லுங்கள். கார்டையும் கணக்கையும் முடக்கச் சொல்லுங்கள். புகார் எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது. வாடிக்கையாளர் மீதும் தவறு இல்லை, வங்கி மீதும் தவறு இல்லை, வேறெங்கோ நடந்த கோளாறால் பணம் போனது என்றால், 3 வேலை நாளுக்குள் தெரிவித்தவருக்கு நஷ்டம் இல்லை என்று அது சொன்னது. ரகசிய எண்ணை நாமே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் நம் நஷ்டம்; தெரிவித்த பிறகு போனால் வங்கியின் நஷ்டம் என்றும் சொன்னது. தாமதம் யாருக்குப் பாதகம் என்று இதிலிருந்தே தெரியவில்லையா?

கம்ப்யூட்டர், செல்போன் மூலம் ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவின்படி குற்றம். 3 ஆண்டு வரை சிறையும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

இன்னொரு எச்சரிக்கை. பணம் போன சில நாளில், "போன பணத்தை மீட்டுத் தருகிறேன், கட்டணம் கட்டுங்கள்" என்று வேறொருவன் பேசுவான். அவனும் அதே கூட்டம்தான். வெந்த புண்ணில் வேல் பாய்ச்ச வருகிறான். விரட்டிவிடுங்கள்!

திட்டாதீர்கள்!

கடைசியாக ஒன்று. இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்.

பணம் பறிகொடுத்தவர்கள் பல நாள் வாய் திறப்பதில்லை. மாமியார் மருமகளிடம் சொல்வதில்லை. மனைவி கணவரிடம் சொல்வதில்லை. ஓய்வூதியப் பணத்தை இழந்த பெரியவர் மகனிடம் சொல்வதில்லை. "இவ்வளவு படித்தும் ஏமாந்தாயே" என்று கேட்பார்களே என்ற பயம். வெட்கம். ராத்திரி தூக்கம் இல்லாமல் தவிக்கிறார்கள். அதற்குள் பணம் ஊர் ஊராகத் தாவிப் போய்விடுகிறது.

திருடனுக்கு இது நன்றாகத் தெரியும். நம் வெட்கம்தான் அவனுக்குக் காவல்!

ஏமாந்தவர் குற்றவாளி அல்ல. ஏமாற்றியவன்தான் குற்றவாளி. படித்தவர், படிக்காதவர், அதிகாரி, வியாபாரி என்று எல்லோரும் ஏமாந்திருக்கிறார்கள். சேர்த்து வைத்த பணம் போனது ஒரு துக்கம். அதோடு வீட்டில் பேச்சும் வாங்க வேண்டும் என்றால் எப்படித் தாங்குவார்கள்?

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டில் இருப்பீர்கள். சாப்பாடு முடிந்ததும் பத்து நிமிடம் உட்காருங்கள். உண்டியலையும் சாவியையும் பற்றிப் பாட்டிக்குச் சொல்லுங்கள். ஓ.டி.பி.யில் எது டெலிவரிக்கு, எது பணத்துக்கு என்று அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள். "என்ன நடந்தாலும் முதலில் என்னிடம் சொல்லுங்கள், நான் ஒரு வார்த்தை திட்ட மாட்டேன்" என்று சொல்லுங்கள்.

பிறகு ஒரு தாளை எடுத்து, பெரிய எழுத்தில் 1930 என்று எழுதுங்கள். சுவரில் தினசரிக் காலண்டருக்குப் பக்கத்தில், பாட்டியின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் ஒட்டிவையுங்கள்.